பதினைந்தாம் இடத்தில் நிற்கும் மகனுக்கு

அன்புள்ள தம்பி,

நான் நலம் என்று எழுதினால் அது பொய். நீ நலமா என்று கேட்டால் நீ பொய் சொல்லுவாய். ஆகவே கடிதத்தின் வழமையான முதல் இரண்டு வரிகளையும் விட்டுவிட்டுத் தொடங்குகிறேன். இன்று வியாழக்கிழமை. வேலைவீட்டு அம்மா சிஞ்ஞோராவுக்கு மதியச் சாப்பாடு கொடுத்து, பாத்திரங்களைக் கழுவி அடுக்கிவிட்டு வீட்டுக்கு வந்து, குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். இன்னும் சில மணி நேரத்தில் அமெரிக்காவில் உங்கள் கூடைப்பந்து ஆட்டம் தொடங்கிவிடும். இந்தக் கடிதம் பலெர்மோவிலிருந்து உன் கைக்கு வந்து சேர ஒரு கிழமைக்கு மேல் பிடிக்கும். நீ இதை வாசிக்கும்போது வென்றீர்களா தோற்றீர்களா என்பது உனக்குப் பழைய கதையாகியிருக்கும். எனக்கோ இன்னும் ஒன்றும் தெரியாது. அடுப்பில் தேத்தண்ணீருக்கு வைத்த தண்ணீர் கொதித்து வற்றிப்போனதைக்கூட இப்போதுதான் கண்டேன்.

திங்கட்கிழமை நீ தொலைபேசியில், "அம்மா, எங்களைச் சேர்த்திட்டாங்கள்!" என்று கத்தினாய். நம் வீட்டில் எந்தச் செய்தி வந்தாலும் முதலில் வருவது பயம்தானே. "யாரைச் சேர்த்தது? எந்த ஆசுப்பத்திரியிலை?" என்று கேட்டேன். நீ சிரித்த சிரிப்பில் காது அடைத்துப்போனது. பிறகு பொறுமையாக விளங்கப்படுத்தினாய். அமெரிக்கா முழுவதிலும் இருந்து அறுபத்துநாலு கல்லூரிகள், நாலு பிரிவுகள், ஒவ்வொரு பிரிவிலும் பதினாறு அணிகள், பலத்தைப் பார்த்து ஒன்று முதல் பதினாறு வரை இடம் போட்டிருக்கிறார்கள், முதலாவதோடு பதினாறாவது, இரண்டாவதோடு பதினைந்தாவது, ஒருமுறை தோற்றால் மூட்டையைக் கட்டவேண்டியதுதான் என்றாய். "நாங்கள் பதினைஞ்சு" என்று நீ பெருமையாகச் சொன்னதும் நான், "அப்ப கடைசிக்கு முதல் ஆளோ? பள்ளிக்கூடத்திலை பதினைஞ்சாம் பிள்ளையா வந்திருந்தால் அப்பா உனக்குச் சோறு போட்டிருப்பாரோ?" என்று கேட்டேன். அதற்கும் சிரித்தாய். பதினாறாவது முதலாவதை ஒருநாளும் வென்றதில்லை, ஆனால் பதினைந்தாவது எப்போதாவது இரண்டாவதை விழுத்தியிருக்கிறது என்று நீ சொன்னபோதுதான் எனக்கு நிம்மதி போனது. பதினாறு என்றால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். தோற்கத்தான் போகிறார்கள் என்று சோறு சமைத்துச் சாப்பிட்டிருப்பேன். இந்தப் பதினைந்தில் ஒரு துளி நம்பிக்கை இருக்கிறது, அந்தத் துளிதான் என்னைப் படுத்துகிறது.

ஒன்றை மட்டும் அன்றே உன்னிடம் சொல்ல நினைத்தேன், உன் தொலைபேசி அட்டையில் காசு முடிந்துவிட்டது. உங்கள் கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனாலும் உங்களோடு மோதும் பெரிய கல்லூரியின் அரங்கில் ஒரு மூலை நிரம்பாது என்றாய். இருக்கட்டும். சின்னக் கல்லூரிகள் எல்லாம் தங்களுக்குள் ஆடி, அதில் நீங்கள் வென்றபடியால்தான் உங்களுக்கு அங்கே இடம் கிடைத்தது. யாரும் பாவம் பார்த்துக் கூப்பிடவில்லை. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். ஒரு நத்தாருக்கு, பாலன் பிறந்த நாளில், சிஞ்ஞோரா என்னையும் தன் பிள்ளைகளோடு மேசையில் இருந்து சாப்பிடச் சொன்னா. குசினிக் கதிரையைக் கொண்டுவந்து மேசையின் ஓரத்தில் போட்டார்கள், அது மற்றக் கதிரைகளைவிடப் பதிவு, தட்டு என் நாடிக்கு நேரே இருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்கள். நான் எப்போது எழும்பிப் பாத்திரம் கழுவலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ அப்படியான கதிரையில் இருக்கவில்லை, மகன். உரிமையோடு போயிருக்கிறாய். முதுகை நிமிர்த்தி இரு.

இங்கே செய்தி பரவிய வேகத்தைக் கேட்டால் சிரிப்பாய். சிஞ்ஞோராவுக்குக் கூடைப்பந்துக்கும் உதைபந்துக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனாலும், "நான் எப்போதும் சின்னவர்களின் பக்கம்தான்" என்று கையைப் பிடித்துச் சொன்னா. கபோ சந்தையில் இறைச்சிக்கடைக்காரர் கத்தியை உயர்த்திக்கொண்டு, "தாவீதும் கோலியாத்தும்!" என்று தெருவே கேட்கக் கத்தினார், ஒரு எலும்புத் துண்டும் கூடப் போட்டுத் தந்தார். எல்லோருக்கும் சின்னவர்கள் வெல்லுவதில் ஒரு ஆசை. ஆனால் தம்பி, எனக்கு அந்த ஆசையில் முழு நம்பிக்கை இல்லை. ஒரு மாலை நேரத்துக்குச் சின்னவனைத் தோளில் தூக்குவார்கள், அடுத்த நாள் அவன் தங்கள் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தால் முகம் சுளிப்பார்கள். வேதாகமத்தில் தாவீதின் தகப்பன் அப்பமும் பாற்கட்டியும் கொடுத்துப் போர்க்களத்துக்கு அனுப்பினான் என்று இருக்கிறது. அந்த நேரம் அவனுடைய தாய் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று ஒரு வரிகூட இல்லை. நான் இறைச்சிப் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வரும்வரை அந்த மனுசியைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

நம் சனத்தைக் கேட்கவே வேண்டாம். வியாழன் பின்னேரம் வீட்டுவேலை செய்பவர்கள் எல்லோருக்கும் ஓய்வு. உங்கள் ஆட்டமும் வியாழன் என்றதும், "இது மாதாவின்ரை செயல்" என்று சொல்லிவிட்டார்கள். அப்பா வேலை செய்யும் ஸ்ஃபெர்ராகவால்லோ சாப்பாட்டுக் கடையின் முதலாளியிடம் டிஷ் இருக்கிறது, அமெரிக்க ஆட்டமெல்லாம் வருகிறது. இரவுச் சாப்பாட்டுக்கு ஆட்கள் வருவதற்கு முன் கூடத்தை நமக்கு விட்டுத் தருகிறேன் என்று அவர் சொல்லிவிட்டார். நம் கோவில் ஆட்கள், சைவ ஆட்கள், எல்லோரும் வருகிறார்கள். நீங்கள் வென்றால் வெறுங்காலோடு மலை ஏறி, இந்த ஊரைக் காக்கும் சாந்தா ரொசாலியாவின் குகைக்கு வருவோம் என்று பெண்கள் நேர்த்தி வைத்திருக்கிறார்கள். நானும் தலையாட்டினேன். எனக்கு முதல் வரிசையில், திரைக்கு நேரே, ஒரு கதிரை பிடித்து வைத்திருக்கிறார்களாம்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம்தான் இடி விழுந்தது. தங்கச்சி உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். நான் வழமைபோல, "அண்ணா எவ்வளவு நேரம் ஆடுவான்? முழுக்க ஆடுவானோ?" என்று கேட்டுக்கொண்டு நின்றேன். அவள் நிமிராமல், "ஜினோக்கியோ விட்டால்தானே" என்றாள். சொன்ன பிறகு கையால் வாயைப் பொத்தினாள். நான் உடுப்பைப் பறித்து எறிந்துவிட்டுக் கேட்டேன்.

"முழங்காலுக்கு என்ன?"

"ஒண்டுமில்லை அம்மா."

"இஞ்சை பார். என்ரை முகத்தைப் பார்த்துச் சொல்லு."

"வீங்கியிருக்காம். கடைசி ஆட்டத்திலை விழுந்ததாம். மடக்கேக்கை உள்ளுக்குச் சத்தம் கேக்குதாம். உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டவர். கோச்சுக்கும் தெரியாதாம்."

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, பாதி இத்தாலியனிலும் பாதி தமிழிலும் அழுதாள். அவளைக் கோபிக்காதே. ஒரு ரகசியத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிற வயது அவளுக்கு இன்னும் வரவில்லை.

அன்று இரவு முழுவதும் உன்மீது எரிந்து விழுந்தேன், நீ கேட்காத தூரத்தில் இருந்ததால் அப்பாவுக்குத்தான் எல்லாம் விழுந்தது. பிறகு மெல்ல மெல்ல ஒன்று விளங்கியது. நோவை மறைக்க உனக்கு யார் பழக்கினார்கள்? நாங்கள்தான். தங்கச்சி பிறந்த நேரம் நான் வேலைக்குப் போகமுடியாமல், என் இடத்துக்கு மச்சாளை அனுப்பினேன். நம் ஆட்களின் முறை அதுதானே, ஊருக்குப் போனாலும் பிள்ளை பெற்றாலும் வேலை கைவிட்டுப் போகாமல் சொந்தக்காரர் ஒருவரை நிற்பாட்டிவிட்டுப் போவது. நான் திரும்பிப் போனபோது அந்த வீட்டுச் சிஞ்ஞோரா கதவைப் பாதி திறந்து, "அவள் இஸ்திரி போடும் கை எனக்குப் பிடித்துவிட்டது" என்றா. மச்சாள் உள்ளே நின்றா, என்னைப் பார்க்கவில்லை. அவவையும் குறை சொல்ல முடியாது. வேலை இல்லையென்றால் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க ஏலாது, பெர்மெஸ்ஸோ இல்லையென்றால் இந்த நாட்டில் நிற்க ஏலாது. அன்றிலிருந்து நம் வீட்டுச் சட்டம் ஒன்றுதான். காய்ச்சல் என்றாலும் சொல்லாதே, இடுப்புப் பிடித்தாலும் சொல்லாதே, சொன்னால் உன் இடத்தில் இன்னொருவர் வந்து நிற்பார். நீ சோறு சாப்பிட்டுக்கொண்டே அதைக் கேட்டு வளர்ந்தாய். ஒருமுறை புதுச் சிஞ்ஞோராவின் வீட்டுக்குச் சாமான் தூக்க உன்னைக் கூட்டிப்போனேன். உடைந்த கண்ணாடி உன் சப்பாத்துக்குள் ஏறியது. நீ என்னைப் பார்த்தாய், நான் சொல்லாதே என்று கண்ணால் காட்டினேன். நீ சப்பாத்துக்குள் இரத்தத்தை வைத்துக்கொண்டு சிஞ்ஞோராவைப் பார்த்துச் சிரித்தாய். "எவ்வளவு நல்ல பிள்ளை" என்றா அவ. எனக்கும் அன்றைக்கு அது பெருமையாகத்தான் இருந்தது, வீட்டுக்கு வந்து காலைக் கழுவிவிட்டபோதுதான் அழுதேன்.

ஆகவே நேற்றுக் காலை நான் பட்ட பாட்டை நினைத்துப் பார். உன் கோச் நமக்குத் தெரியாத ஆள் இல்லை. இந்த ஊரில் இரண்டு வருடம் ஆடியவர், அப்பாவின் கடையில் கணவாய் பொரியல் சாப்பிட்டவர், பங்குக் கோவில் முற்றத்தில் உன்னைக் கண்டு பிடித்துக்கொண்டு போனவர். சந்தைக்காரர்களைப்போல இத்தாலியன் கதைப்பார், என்னையும் சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தால் போதும், உன் முழங்கால் தப்பும். ஆனால் உன் இடத்தை நானே என் வாயால் பறித்துக்கொடுத்த மாதிரி ஆகும். அப்பாவிடம் கேட்டேன்.

"சொன்னால் அவன் ஆயுசுக்கும் உன்னை மன்னிக்கமாட்டான்" என்றார்.

"சொல்லாட்டில் ஆயுசுக்கும் நொண்டுவான்."

"வருசா வருசம் புதுப்பிக்கிற உதவிப்பணத்திலை படிக்கிறவன். ஆடாட்டில் அடுத்த வருசம் வெட்டிவிட்டால்?"

"அப்ப காலை வெட்டட்டும் எண்டுறியளோ?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டார். வாசலில் நின்று, "நீ எது செய்தாலும் நானும் செய்ததுதான்" என்று மட்டும் சொன்னார். அந்த மனுசன் வாயைத் திறப்பது குறைவு, திறந்தால் இப்படி ஒன்று வரும்.

நேற்று மதியம் சிஞ்ஞோரா உறங்கும் நேரத்தில் தெருமுனைக்குப் போய்த் தொலைபேசிக் கூண்டுக்குள் நின்று எண்களை அழுத்தினேன். ஒரு எண் மாறி முதல் தடவை யாரோ கிழவருக்குப் போனது. இரண்டாம் தடவை கோச்சே எடுத்தார். என் குரலைக் கேட்டதும், நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொல்ல முன்னே அவரே கேட்டார்.

"முழங்காலைப் பற்றித்தானே, சிஞ்ஞோரா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவனே சொன்னான். நேற்றுக் காலை பயிற்சிக்கு முன் என் அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுச் சொன்னான். 'நான் இறங்கினால் கொஞ்ச நேரம் ஓடுவேன், பிறகு அணிக்கு நான் பாரம்' என்றான். வைத்தியரும் பார்த்துவிட்டார். அவன் ஆடமாட்டான்."

நான் கூண்டின் கண்ணாடியில் சாய்ந்துவிட்டேன். நிம்மதி வந்திருக்கவேண்டும். வந்தது வேறு கேள்வி. "அப்படியென்றால் அவனுடைய இடத்தில் யார்?"

"முதல் வருடப் பையன் ஒருவன். உங்கள் மகன்தான் அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழக்குகிறான்."

அந்த நேரம் எனக்கு வந்த முதல் நினைப்பை மறைக்காமல் எழுதுகிறேன். மடையன், தன் இடத்துக்குத் தானே ஆள் பழக்குகிறானே என்றுதான் நினைத்தேன். "அடுத்த வருடம் அவனுக்கு இடம் இருக்குமா?" என்று கேட்டேன். அவர், "நான் இங்கே இருக்கும்வரை இருக்கும்" என்றார்.

"நீங்கள் இருப்பீர்களா?"

"தோற்றால் இருப்பேன். வென்றால் பெரிய கல்லூரிகள் என்னைக் கூப்பிடும். சின்ன அணி வென்றால் இங்கே அப்படித்தான் நடக்கும். உங்களுக்குப் பொய் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை, சிஞ்ஞோரா."

பார்த்தாயா தம்பி, சின்னவர்கள் வென்றாலும் அதன் பலன் எங்கே போகிறது என்று. தோற்றால் வீட்டுக்கு அனுப்புவார்கள், வென்றால் அவர்களை வெல்லவைத்தவரை எடுத்துக்கொள்ளுவார்கள். நான் யாரிடம் எதைக் கேட்டு மன்றாடுவது? சனம் முழுவதும் வெற்றிக்கு நேர்த்தி வைத்திருக்க, நான் ஒருத்தி மட்டும் தோல்வியைக் கேட்பதா? உன்னோடு சேர்ந்து வியர்வை சிந்திய பிள்ளைகளின் தாய்மாரும் இன்று எங்கோ இருந்து மன்றாடிக்கொண்டுதானே இருப்பார்கள். காலையில் செபமாலையை எடுத்து, ஒன்றும் கேட்காமல் மணிகளை மட்டும் உருட்டிவிட்டு வைத்தேன். எது நல்லதென்று எனக்குத் தெரியாது. உனக்கு அறிவுரை எழுதத்தான் தொடங்கினேன், அறிவுரை தரும் நிலையில் நான் இல்லை.

அட்டையில் காசு முடியும் தறுவாயில் கோச் இன்னொன்று சொன்னார். நீ அவரிடம் ஒரு உதவி கேட்டாயாம். ஆடாவிட்டாலும் அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடாதவர்கள் இருக்கும் வாங்கில் இருக்கவேண்டும் என்றாயாம், இங்கே நம் சனம் கூடிப் பார்க்கும் என்பதற்காக. ஆட்டம் முடியும்வரை எனக்குச் சொல்லவேண்டாம் என்றும் கேட்டாயாம். காரணமும் சொன்னாயாம். "அம்மாவுக்கு முதலே தெரிந்தால் அவ அங்கே போகமாட்டா. சனத்துக்கு முன்னால் வெட்கப்படுவா" என்று.

அந்த வசனம் நேற்றிலிருந்து என்னைத் தின்கிறது. கோபம் இல்லை, உண்மை சுட்டால் வரும் எரிவுதான். நீ சொன்னது சரி. செவ்வாய்க்கிழமை இதைக் கேட்டிருந்தால் தலையிடி என்று படுத்திருப்பேன். என் பிள்ளையின் இடத்தில் இன்னொருவன் நிற்பதைச் சனத்தோடு சேர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் இருந்திருக்காது. நான் வாழ்நாள் முழுக்கச் சொல்லப் பயந்த ஒன்றை நீ ஒரு அறைக்குள் போய், கதவைச் சாத்தி, உனக்குச் சம்பளமும் இல்லாத, நாளைய உறுதியும் இல்லாத இடத்தில் நின்று சொல்லியிருக்கிறாய். அதுவும் அந்த முதல் வருடப் பிள்ளைக்குப் பழக்கிக்கொடுத்துக்கொண்டு. அந்தத் துணிவு யாரிடமிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். என்னிடமிருந்து இல்லை. உனக்கு அடுத்த வருடம் என்ன ஆகும் என்ற பயம் எனக்குப் போகவில்லை, போகப்போவதும் இல்லை. வந்தால் வா, இங்கே படுக்க இடமும் ஒரு பிடி சோறும் இருக்கிறது. முழங்காலை மட்டும் ஒழுங்காகக் காட்டு, வைத்தியர் சொல்லும்வரை ஓடாதே.

வெளியே தங்கச்சி கூப்பிடுகிறாள், பஸ் வரும் நேரம். நான் போகிறேன். திரைக்கு நேரே அந்த முதல் வரிசைக் கதிரையில்தான் இருக்கப்போகிறேன். ஆட்டம் தொடங்கியதும், "எங்கை உங்கடை மகன்? ஏன் இன்னும் இறக்கேல்லை?" என்று பின்னாலிருந்து கேட்பார்கள். நான் எழும்பி, எல்லோருக்கும் கேட்க, "அவனுக்கு முழங்காலிலை நோ. தானே கோச்சிட்டைச் சொல்லிப்போட்டு வாங்கிலை இருக்கிறான்" என்று சொல்லுவேன். குரல் நடுங்கும், நடுங்கட்டும். பிறகு அவர்கள் பந்தைப் பார்த்துக் கத்தட்டும், கை தட்டட்டும், தலையில் அடித்துக்கொள்ளட்டும். கமரா ஒரு கணமாவது வாங்குப் பக்கம் திரும்பும், நான் கண் வெட்டாமல் அதற்காகக் காத்துக்கொண்டிருப்பேன்.

உன் அம்மா